அல்பேனியாவுக்கு லீவு

லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். அல்பேனியா என்றதும் கேஷியர், 'ஆப்பிரிக்காவிலா ஸார்?' என்றார். கிரீஸுக்கு வடக்கே என்றேன். இஸ்மயில் கதாரே 1936இல் பிறந்த ஜிரோகாஸ்தர் ஊரின் கற்பலகைக் கூரைகளைப் பார்க்க ஆசை. 1908இல் என்வர் ஹோஜா பிறந்ததும் அதே ஊரில்தான். 1967இல் மதத்தையே தடைசெய்தவர்.

நாவல் வாசகனின் இந்த ஆசையில் எனக்குச் சந்தேகம் உண்டு. 1997இல் அங்கே பிரமிட் நிதித் திட்டங்கள் சரிந்தன. வீட்டை விற்றுப் பணம் போட்டவர்கள் தெருவுக்கு வந்தார்கள்; அரசு கவிழ்ந்தது. தினமும் பிறர் பாஸ்புக்கில் பதிவு போடுகிற எனக்கு உறுத்துவது இதுதான். கூரையைப் பார்க்கப் போகிறவனுக்கு எது விற்ற வீடு என்று தெரியாது.

நான் படித்த கதாரேயும் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தவர். இரண்டு கை மாறிய சரக்கு. இருந்தும் போகிறேன். புத்தகத்தை எடுத்துப் போவதாக இல்லை.