இருபத்தைந்து டிகிரித் தண்ணீர்

தூத்துக்குடி உப்பளத்தில் "தண்ணி எத்தனை டிகிரி?" என்று கேட்டால் யாரும் சூடு பார்க்க மாட்டார்கள். போமே மானியை மிதக்கவிட்டு அடர்த்தியைப் பார்ப்பார்கள். 1768-இல் அந்துவான் போமே என்ற பிரெஞ்சு மருந்தாளர் வகுத்த அளவு அது. கடல்நீர் மூன்று, மூன்றரை காட்டும். அது தெப்பம் என்கிற தேக்கங்களில் காய்ந்து 25-ஐ நெருங்கும்வரை, உப்பு விளையும் பாத்திக்கு விடமாட்டேன். முந்தினால் ஜிப்சமும் உப்போடு சேர்ந்து படியும்.

மானியைக் காலையிலேயே பார்த்துவிடுவேன். உச்சி வெயிலில் அதே தண்ணீர் விரிந்து, டிகிரியைக் கொஞ்சம் குறைத்துக் காட்டும். வேலைக்கு வந்த புதிதில் இது தெரியாமல் மதிய அளவை நம்பிக் காத்திருந்திருக்கிறேன்.

இத்தனை வருடமாகியும் அலுக்காதது அடர்ந்த தண்ணீரின் பிடிவாதம். மூன்று டிகிரித் தண்ணீர் வெயில் கேட்டதைக் கொடுத்துவிடும், இருபத்தைந்து கொடுக்காது. கரைந்த உப்பு சோடியம் அயனியாகவும் குளோரைடு அயனியாகவும் பிரிந்து கிடக்கிறது. 1884-இல் ஸ்வீடனின் அரீனியஸ் தம் ஆய்வேட்டில் இப்படிச் சொன்னபோது, தேர்வாளர்கள் குறைந்த மதிப்பெண்தான் போட்டார்கள். 1903-இல் அவருக்கு நோபல் பரிசு வந்தது. ஒவ்வோர் அயனியையும் நீர் மூலக்கூறுகள் மொய்த்துக்கொள்கின்றன. ஆவியாகக் கிளம்புவது குறைந்துபோகிறது. உப்பு நிறைந்த கரைசலின் ஆவியழுத்தம் நல்ல தண்ணீரினுடையதில் ஏறத்தாழ முக்கால் பங்குதான். ஆகவே காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டிய இரவுகளில் பாத்தி காய்வதை விட்டுவிட்டு, காற்றிலிருந்தே ஈரத்தை வாங்கும். அடுப்படியில் உப்பு ஜாடி கசிவதும் இதே கணக்கில்தான்.

இந்தத் தண்ணீர் காலையும் விடாது. தோலுக்குள் இருக்கும் நீரை வெளியே இழுக்கும். பாத்தியில் இறங்குகிற பெண்களின் பாதவெடிப்பைப் பார்த்தவர்களுக்குச் சவ்வூடு பரவலைத் தனியாக விளக்க வேண்டாம்.

ஒரு வருடம் ஆசைப்பட்டேன். வழக்கமாக 29-இல் மிச்சத் தண்ணீரைத் திறந்து வெளியேற்றிவிடுவோம். அந்தக் கசப்புத் தண்ணீரிலும் உப்பு இருக்கிறதே என்று 31 வரை விட்டேன். எடை கூடியது. அம்பாரமோ வெயிலிலும் ஈரம் காயாமல் கிடந்தது. வாங்கிய வியாபாரி, நாக்கில் வைத்ததுமே கசக்கிறது என்று லோடைத் திருப்பி அனுப்பிவிட்டார். வேலையைக் காட்டியது அந்தக் கசப்புத் தண்ணீரில் இருந்த மக்னீசியம். சின்ன அயனி, மின்சுமையோ இரண்டு. ஆறு நீர் மூலக்கூறுகளை இறுகக் கட்டிக்கொள்ளும், படிகமானாலும் விடாது. மக்னீசியம் குளோரைடு 33 சதவீத ஈரப்பதத்திலேயே நீர்த்துவிடும். நம் ஊரில் எந்த மாதம் காற்று அவ்வளவு காய்ந்திருக்கிறது?

நல்ல தண்ணீரில் கழுவினால் அம்பாரமே கரைந்து ஓடிவிடும். அப்போது ஒரு பழைய அளக்காரர் சொன்னார்: "இருபத்தஞ்சு டிகிரித் தண்ணியிலயே கழுவும்வே." ஏற்கெனவே உப்பு நிறைந்த தண்ணீர், இன்னும் உப்பைக் கரைக்க அதில் இடமில்லை, மக்னீசியத்துக்கு மட்டும் இடமிருக்கிறது. மூன்று நாள் கழுவி வடியவிட்டோம். நாலாம் நாள் காலையில் ஒரு பிடி அள்ளினேன். கையில் ஒட்டாமல் உதிர்ந்தது.