உத்திரமேரூர்: ஐந்து நாள் பாடம் சொல்லும் கற்சுவர்

காஞ்சிபுரத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது உத்திரமேரூர். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே வைகுண்டப் பெருமாள் கோயில். வருகிறவர்களில் பலர் சுவரில் உள்ள குடவோலைக் கல்வெட்டைப் பார்த்து, போட்டோ எடுத்துக்கொண்டு அரை மணி நேரத்தில் கிளம்பிவிடுகிறார்கள். ஆனால், ஆரம்பப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்கு இந்த ஊர் ஒரு வாரத்துக்குப் பாடம் வைத்திருக்கிறது.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022-ல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரையிலான குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து, பாட்டு, கதை, பொம்மலாட்டம் என்று செயல்பாடுகள் வழியாகச் சொல்லிக்கொடுப்பது அதன் முறை. அதே முறையை இந்த ஊருக்குள் கொண்டுவந்தால், திங்கள் முதல் வெள்ளி வரை எப்படி இருக்கும்?

திங்கள்: எழுத்து

முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு இது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய எழுத்து என்றாலும், ட, ப போன்ற சில எழுத்துகளைக் குழந்தைகளே கண்டுபிடித்துவிட முடியும். கல்வெட்டுகளில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி வைக்க மாட்டார்கள். 'புள்ளி இல்லாமல் எப்படிப் படிப்பது?' என்று ஒரு குழந்தை கேட்டால், அன்றைய பாடம் நடந்துவிட்டது என்று அர்த்தம்.

செவ்வாய்: எண்

ஊரை 30 குடும்புகளாகப் பிரித்திருந்தார்கள். குடும்பு என்றால் இன்றைய வார்டு மாதிரி. ஒவ்வொன்றிலிருந்தும் ஒருவர் என 30 பேர். அவர்களில் 12 பேர் சம்வத்சர வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், மீதிப் பேர் ஏரி வாரியம். ஏரி வாரியத்துக்கு எத்தனை பேர்? விரல் விட்டு எண்ணி '6' என்று சொல்லும் குழந்தை, சோழர் காலத்துக் கணக்கைப் போட்டுவிட்டது. பதவிக்காலம் 360 நாள். நம் வருடத்துக்கு எத்தனை நாள் குறைவு என்பது கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு.

புதன்: ஏரி

ஏரி வாரியம் என்று தனியாக ஒன்று ஏன் என்பதைக் கரையில் நின்றால்தான் புரிந்துகொள்ள முடியும். இங்குள்ள பல்லவர் கால ஏரியை வைரமேகத் தடாகம் என்று கல்வெட்டுகள் சொல்கின்றன. மழையை நம்பிய ஊரில் ஏரிதான் சோறு. கரை உடையாமல், வண்டல் சேராமல் பார்க்க ஆள் வேண்டும். மதகு, கலங்கல், வரப்பு என்ற சொற்களைப் பார்த்தே கற்றுக்கொள்ளலாம். கரையில் பெரியவர்கள் கூடவே இருக்க வேண்டும்.

வியாழன்: மூன்று தளம்

பல்லவர் கால சுந்தர வரதராஜப் பெருமாள் கோயிலுக்குக் காலையிலேயே போய்விடுவது நல்லது. கீழ்த்தளத்தில் நின்ற கோலம், நடுத்தளத்தில் அமர்ந்த கோலம், மேல்தளத்தில் கிடந்த கோலம் என்று ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று சன்னதிகள். நின்று, உட்கார்ந்து, படுத்துக் காட்டச் சொன்னால் பிள்ளைகளுக்கு அது மறக்காது.

வெள்ளி: குடம்

கடைசி நாள் தேர்தல். பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு, அதைச் சபை முன்னால் எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டுவார்கள். உள்ளே இருப்பது என்னவென்று அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுப்பான். அதை வாங்குபவர் ஐந்து விரல்களையும் விரித்து, உள்ளங்கையைக் காட்டித்தான் வாங்க வேண்டும். மறைத்து வைத்த ஓலையை மாற்றிவிடக் கூடாதே! பிறகு பெயரை உரக்கப் படிக்க வேண்டும். கணக்குக் காட்டாதவர்களுக்கும் அவர்களுடைய உறவினர்களுக்கும் இடமில்லை.

இன்னொன்றையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். 919-ல் எழுதிய விதியில் வயது வரம்பு 30 முதல் 60. இரண்டே ஆண்டில், 921-ல், அது 35 முதல் 70 ஆனது. எழுதிப் பார்த்து, சரிவராததை மாற்றி, மறுபடியும் கல்லிலேயே வெட்டினார்கள்.

அந்தக் குடத்துக்குள் எல்லோருடைய பெயரும் போகவில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. வரி கட்டும் சொந்த நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் படிப்பு இருந்தால்தான் பெயர் எழுத முடியும். பெண்களும் நிலமில்லாதவர்களும் வெளியேதான். இன்று தமிழ்நாட்டு உள்ளாட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கு. அந்த ஒதுக்கீட்டுக்கான சட்டம் வந்தது 2016-ல்.

அதனால், வகுப்பறைக் குடத்தில் எல்லாப் பிள்ளைகளின் பெயரும் இருக்கட்டும். தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்ற, நூலகப் புத்தகங்களை அடுக்க, தண்ணீர்க் குழாயைப் பார்த்துக்கொள்ள என்று மூன்று வாரியங்கள். அன்று ஓலை எடுத்த சிறுவனுக்கு அதில் இருந்த பெயர் தெரியாது. தெரியாததால்தான் ஊர் அவனை நம்பியது. இன்று சீட்டை எடுக்கும் அரும்பு வகுப்புக் குழந்தை, எழுத்துக் கூட்டி அந்தப் பெயரைத் தானே படிக்கட்டும். கொஞ்சம் நேரமானால் ஆகட்டும், யாரும் அவசரப்படுத்த வேண்டாம்.