பாடு

மார்ச் 22, 2020, ஞாயிறு

பழவேற்காடு மகிமை மாதா கோயிலின் தொடக்கம் 1515. போர்ச்சுகீசியர் போனார்கள், டச்சுக்காரர் போனார்கள், கடைசியில் ஆங்கிலேயரும் போனார்கள். ஞாயிறு பூசை மட்டும் போகவில்லை. இன்று காலை ஏழு முதல் இரவு ஒன்பது வரை கொரோனாவுக்காக மக்கள் ஊரடங்கு. பூசைக்கு ஆளில்லை.

மார்ச் 25, புதன்

நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியது. கபிரியேல் தூதர் மரியாளிடம் வந்த மங்கள வார்த்தைத் திருநாளும் இதே நாள். பழவேற்காட்டு மீனவர் ஊரான கோட்டைக்குப்பத்தில் மீன் வாங்க வெளியூர் வண்டி வரவில்லை.

மார்ச் 27, வெள்ளி

இந்திய நேரம் இரவு பத்தரை மணி. ரோமில் மழை. திருத்தந்தை பிரான்சிஸ் ஆளற்ற பேதுரு சதுக்கத்தில் தனியாக நின்று செபித்தார். அங்கே வாசிக்கப்பட்டது மாற்கு நற்செய்தி 4ஆம் அதிகாரம்: ஏரியில் புயல், படகில் ஏறும் தண்ணீர், பின்னணியத்தில் தலையணை வைத்துத் தூங்கும் இயேசு.

கலிலேயாக் கடல் என்று பெயர் இருந்தாலும் அது நன்னீர் ஏரிதான். நீளம் 21 கிலோமீட்டர் அளவு, ஆழம் நாற்பது மீட்டருக்கும் மேல். சுற்றிலும் உயர்ந்த மேடுகள் இருப்பதால் காற்று திடீரென இறங்கி அடிக்கும். பழவேற்காடு ஏரி அதைவிடப் பெரியது, ஆனால் ஆழமில்லாதது. பல இடங்களில் ஆள் நின்று நடக்கலாம். ஆரணியாற்றின் நன்னீரும் முகத்துவாரத்தின் வழியே கடல்நீரும் கலக்கும் இந்த உப்பங்கழி, இந்தியாவில் சிலிகாவுக்கு அடுத்த பெரியது. இங்குள்ளவர்களின் பயமும் வேறு மாதிரி. புயலைவிட முகத்துவாரம் தூர்ந்துபோவதுதான் தீராக் கவலை. மணல் ஏறிவிட்டால் கடல் இறால் உள்ளே வராது.

இருந்தாலும் அந்த வாசகத்தில் வலைக்காரர்களுக்கு விளக்கவுரை தேவைப்படாத இடம் ஒன்று உண்டு. படகுக்குள் தண்ணீர் ஏறும்போது ஒருவர் தூங்கினால் மற்றவர்களுக்கு முதலில் வருவது பக்தி அல்ல, கோபம். சீடர்கள் அவரை எழுப்பிக் கேட்டதும் கோபத்தில்தான். நற்செய்தி அந்தக் கோபத்தை மறைக்காமல் எழுதிவைத்திருக்கிறது. அதுவும் செபமே என்று கொள்ள இடமிருக்கிறது.

ஏப்ரல் 5, குருத்து ஞாயிறு

ஓலைப் பவனி இல்லை. பூசை கைப்பேசியில் வருகிறது. நற்கருணையை வாயால் பெற முடியாதபோது ஆசையால் பெறுவது ஞான நன்மை. 1551இல் திரெந்து பொதுச்சங்கம் நன்மை வாங்கும் முறைகளில் ஒன்றாக இதைச் சொன்னது. இதுவரை நோயாளிகளுக்கும் தூரதேசத்தாருக்கும் உரியதாக நினைக்கப்பட்டது இப்போது ஊருக்கே பொதுவாகிவிட்டது.

சிக்கல் என்னவென்றால், பூசை வருகிற அதே கண்ணாடியில்தான் சாவுக் கணக்கும் வருகிறது. எழுந்தேற்றத்தின் நடுவே மேலிருந்து ஒரு செய்தி இறங்கும். விரல் தானாக அங்கே போகும். ஒரு வீட்டுத் திண்ணையில் நடந்தது:

"ஆயா, பூச முடிஞ்சிடுச்சி. நன்மதான் வாங்க முடியல."

"முடிஞ்சா போன கவுத்து வைம்மா. அவரு வந்து உக்காரட்டும்."

பேத்தி கவிழ்த்து வைத்தாள். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது, யாரோ அழைத்தார்கள்.

இரவு ஒன்பது மணிக்கு ஒன்பது நிமிடம் நாடெங்கும் விளக்கு.

ஏப்ரல் 7

தூக்கமில்லாத இரவு. செபமாலை மூன்றாம் பத்தோடு நின்றுவிட்டது.

ஏப்ரல் 10, பெரிய வெள்ளி

பெரிய வெள்ளியன்று பூசை கிடையாது. யோவான் எழுதிய திருப்பாடுகளின் வரலாறு வாசிக்கப்படும், சிலுவை முத்தி செய்யப்படும். கோயில் மூடியிருப்பதால் இன்று முத்தி இல்லை. வாசகம் மட்டும் வீடுகளில் நடந்தது.

'பாடு' என்ற சொல்லுக்குப் பழவேற்காட்டில் இன்னொரு பொருள் உண்டு. ஏரியில் கழி நட்டு இறாலுக்கு வலை கட்டும் இடங்களை ஊர்கள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடே பாடு. கோட்டைக்குப்பம் உள்ளிட்ட மூன்று ஊர்களின் பட்டினவர் சாதி மீனவர்களிடம் இது வழிவழியாக இருக்கிறது. உரிமை தலைக்கட்டுக்கு, அதாவது குடும்பத்துக்கு. எந்த இடம் யாருக்கு என்பதைச் சீட்டு முடிவு செய்யும். நல்ல இடம் ஒருவரிடமே தங்காமல் முறை சுற்றிவரும். கட்டிய வலை மீனைத் துரத்துவதில்லை. சீட்டில் விழுந்த இடத்தில் வலை நிற்கும், அதனருகே ஆள் இருப்பார், நீரோட்டம் இறாலைக் கொண்டுவரும். அடுத்தவர் பாட்டில் எவ்வளவு விழுகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பவரின் வலைதான் கவனிப்பாரற்றுக் கிடக்கும்.

இந்த முறையைப் புகழ்வதோடு நிறுத்திக்கொள்வது நியாயமாகாது. சுற்றுவட்டார ஏழைகளில் பலரின் பெயர் எந்தச் சீட்டிலும் இல்லை. கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களுக்குப் பாடு கிடையாது. சாதிதான் வாசல். அந்த வாசலுக்கு வெளியே நிற்பவர்களில் கிறித்தவர்களும் உண்டு. இன்றைய வாசகத்திலும் ஒரு சீட்டு வருகிறது. தையலில்லாத அங்கியைக் கிழிக்க மனமில்லாமல் போர்வீரர்கள் அதற்குச் சீட்டுப் போடுகிறார்கள். அங்கிக்கு உரியவர் மேலே தொங்குகிறார். அவரை யாரும் கேட்கவில்லை. ஏரியில் பங்கில்லாதவர்கள் இந்த வரியைக் கேட்கும்போது அது வேறு விதமாகத்தான் விழும்.

ஒன்றிய உள்துறை அமைச்சகம் மீன்பிடித் தொழிலுக்கு ஊரடங்கிலிருந்து விலக்கு அளித்ததும் இன்றுதான்.

ஏப்ரல் 12

உயிர்ப்பு ஞாயிறு. மணி ஓசையில்லை. வீட்டு வாசல்களில் மெழுகுவர்த்தி.

ஜூன் 1

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் நடக்கும் மீன்பிடித் தடைக்காலம் இந்த ஆண்டு 47 நாளாகக் குறைக்கப்பட்டு நேற்றோடு முடிந்தது. மே மாதத்துக் குறிப்புகள் இல்லை. அது கடன் கணக்கிலேயே போன மாதம்.

ஜூலை 1

ஊராட்சிப் பகுதிகளில் ஆண்டு வருமானம் பத்தாயிரம் ரூபாய்க்குக் குறைந்த சிறு வழிபாட்டிடங்களைத் திறக்கத் தமிழ்நாட்டு அரசு அனுமதித்துள்ளது. ஏழைக் கோயில்கள் முதலில் திறக்கின்றன. இவ்வளவு நாளில் முதல் நல்ல செய்தி.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

கோட்டைக்குப்பம் என்ற பெயரிலுள்ள கோட்டை, டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1613இல் கட்டிய கெல்ட்ரியா. இன்று அது புதர் மண்டிய மேடு. டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் வாசலில் மட்டும் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் காவல் நிற்கின்றன.

1630களில் ஆபிரகாம் ரோஜேரியுஸ் என்ற போதகர் கம்பெனிச் சம்பளத்தில் இங்கே பத்தாண்டு ஊழியம் செய்தார். பத்மநாபன் என்ற பிராமணரிடம் கேட்டறிந்து இந்து சமயம் பற்றி அவர் எழுதிய நூல், அவர் இறந்தபின் 1651இல் லெய்டனில் அச்சானது. பர்த்ருஹரியின் பாடல்கள் ஐரோப்பிய மொழி ஒன்றில் முதன்முதலாக வந்தது அதில்தான். பிறர் சமயத்தை இவ்வளவு பொறுமையாகக் கேட்ட ஒருவர் கம்பெனிக் கோட்டையின் நிழலில் இருந்தார் என்பது ஆறுதல்.

ஆனால் அந்தக் கோட்டையைச் சார்ந்துதான் வெடிமருந்து ஆலையும் நடந்தது. பழவேற்காட்டுத் துறையிலிருந்து ஆணும் பெண்ணும் அடிமைகளாகப் பத்தாவியாவுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். ஞாயிறுதோறும் பிரசங்கமும் இருந்தது. கோயில் கோட்டைக்கு நடுவில் இருப்பதும் விசுவாசம் வாழ்க்கைக்கு நடுவில் இருப்பதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று இந்த ஊரில் இல்லை. இந்த ஆண்டு கோயில் பூட்டியதைப் பற்றிய புலம்பல் இந்தக் கப்பல்களை எண்ணும்போது சிறுத்துப்போகிறது.

செப்டம்பர் 1

எல்லாக் கோயில்களும் திறந்தன. முகக்கவசம், கைகழுவும் நீர், இடைவெளி விட்டு வட்டங்கள். ஐந்து மாதம் ஏங்கிய இடத்துக்கு வந்தபின்னும் பல கைகள் பைக்குள் கைப்பேசியைத் தேடின. இருமல் கேட்ட திசைக்கெல்லாம் தலைகள் திரும்பின. திறந்ததும் நிம்மதி வரும் என்று நினைத்தது நடக்கவில்லை.

நவம்பர் 25

நிவர் புயல். வங்கக் கடலில் யாரும் இல்லை. படகுகள் மேட்டில்.

டிசம்பர் 26, சனி

இந்தக் கரையில் கிறிஸ்துமஸுக்கு அடுத்த நாள் 2004க்குப் பிறகு சாதாரண நாளாக இருந்ததே இல்லை. அன்று ஞாயிறு, சுனாமி. 2011இல் கிறிஸ்துமஸ் அன்றே இங்கே சுற்றுலா வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதுவும் ஞாயிறு. எனவே இங்கே குடிலில் பாலனை வைப்பவர்கள் இறந்தவர்களுக்கும் சேர்த்தே மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். கரையில் பால் ஊற்றும் இந்துக் குடும்பங்களும் அதே நேரத்தில்தான் வருகின்றன. யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை; இரண்டு கூட்டமும் கடலைப் பார்த்து நிற்கின்றன.

ஜனவரி 22, 2021, வெள்ளி

பக்கத்துக் காட்டுப்பள்ளித் துறைமுகத்தின் விரிவாக்கம் குறித்து இன்று நடக்கவிருந்த கருத்துக்கேட்புக் கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது. எதுவரை என்று ஊரில் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள். முகத்துவாரம் இன்னும் திறந்திருக்கிறது. இறால் காலம். இன்றிரவு யாருக்கு எந்தப் பாடு என்பது சீட்டில் விழுந்துவிட்டது. கழிகளோடு படகுகள் போய்விட்டன.