கிடுகும் கூரையும்

மனிதன் தனக்கென அமைத்துக்கொள்ளும் வீட்டில் முதலில் முதுமை எய்துவது கூரையே. வெயிலையும் மழையையும் காற்றையும் முதலில் ஏற்பது அதுவேயாதலின் இதில் வியப்பில்லை. ஆயின், முதிர்ந்த கூரையை மாற்றுவது எங்ஙனம் என்னும் வினா கட்டடத் தொழிலோடு மட்டும் நின்றுவிடுவதன்று. அது ஒரு சமூகத்தின் வாழ்க்கை முறையையும் தொட்டு நிற்பது. மட்டக்களப்புக்கு வடக்கே, கல்குடாவை அடுத்துள்ள பாசிக்குடாக் கரையோரம் இதற்குத் தக்க சான்றாகும்.

இக்கரையோரத்து எளிய குடும்பங்களின் வீடுகள் முற்காலத்தில் பெரும்பாலும் கிடுகினால் வேயப்பட்டவை. தென்னோலையை நடு மட்டையோடு இரண்டாகப் பிளந்து, நீரில் சில நாள் ஊறவைத்து, பதமானபின் பின்னிக் காயவைத்தால் கிடுகு ஆயத்தமாகும். வடகீழ்ப் பருவமழை தொடங்குமுன், ஆவணி புரட்டாதியில், பழைய கிடுகை இறக்கிவிட்டுப் புதியதை ஏற்றுவர். ஈழத்துப் பேச்சுவழக்கில் இதனை ‘வீடு மேய்தல்’ என்பர். இறவாரத்தில் தொடங்கி, மேல்வரிசை கீழ்வரிசையை மூடுமாறு கட்டிச்சென்று, இறுதியில் முகட்டை மூடுதல் வேண்டும். கூரை நன்கு சரிந்திருந்தாலன்றி நீர் விரைந்து வடியாது, ஓலை உளுத்துப்போகும்.

ஓரிரு ஆண்டுகளே நிலைக்கும் இக்கூரை, அக்குறையினாலேயே ஒரு நன்மையையும் தந்தது. மேயும் முறை எவருக்கும் மறந்துபோகவில்லை. பெண்கள் பின்ன, இளைஞர் கூரையேற, அயலவர் கிடுகு எடுத்துக்கொடுக்க, வீட்டுக்காரர் அனைவர்க்கும் உணவிடுவர். இறக்கிய பழங்கிடுகு தென்னையடியில் பசளையாயிற்று. வளவிலிருந்து வந்தது வளவுக்கே மீண்டது.

1978 நவம்பர் 23ஆந் திகதி இரவு வீசிய சூறாவளி இவ்வொழுங்கைக் குலைத்தது. நூற்றுக்கணக்கான உயிர்களைக் கொண்ட அப்புயல், மாவட்டத்துத் தென்னைகளிற் பெரும்பகுதியையும் வீழ்த்தியது. கூரையை இழந்தவன் அக்கூரைக்கு ஓலை தரும் மரத்தையும் ஒருங்கே இழந்தான். புதிதாய் நட்ட தென்னை வளர்ந்து பயன் தரும்வரை காத்திருத்தல் இயலுமா? போரும் இடப்பெயர்வும், 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும் மேலும் பல வீடுகளை அழித்தன. தகரமும் ஓடும் அஸ்பெஸ்ரஸ் தகடும் கிடுகின் இடத்தைப் பெற்றன.

இம்மாற்றத்தைப் பழிப்பதற்கில்லை. கிடுகுக் கூரை ஒரு பொறியில் எரிந்து சாம்பலாகும். ஒழுக்கிலே பிள்ளைகளின் புத்தகங்கள் நனையும். ஆண்டுதோறும் கிடுகு பின்னிய பெண்களின் உழைப்புக்கு எவரும் கூலி கணக்கிட்டதுமில்லை. 2009இல் போர் முடிந்தபின் பாசிக்குடாவில் எழுந்த உல்லாச விடுதிகள் சிலவற்றில் ஓலைக்கூரை அழகுப் பொருளாயிற்று. விருந்தினருக்கு அது இரு நாள் இன்பம். வறியவனுக்கோ மாரி முழுவதும் கவலை. அழகின் பேரால் அவனை ஓலையின் கீழ் இருத்தி வைக்க எவர்க்கும் உரிமையில்லை.

எனினும் புதிய கூரைகளும் முதுமை எய்துகின்றன. உப்புக் காற்றில் தகரமும் ஆணியும் விரைவில் துருப்பிடிக்கின்றன. ஓட்டின் பாரத்தைப் பழைய மெல்லிய கைமரங்கள் தாங்கா. மரத்துக்கும் தச்சனுக்கும் பணம் வேண்டும். பழைய அஸ்பெஸ்ரஸ் தகட்டை உடைத்தாலோ அறுத்தாலோ பறக்கும் நுண்ணிய நார் நுரையீரலிற் புகுந்து, புற்றுநோய்க்கும் ஏதுவாகும். அதனை நனைத்து, உடையாமல் இறக்குதல் வேண்டும். இவற்றைக் கற்பிக்க இன்று முற்றத்தில் முதியவர் எவருமில்லை. கூரையின் ஆயுள் நீண்டது. அதனைத் தானே மாற்றும் வல்லமை வீட்டுக்காரரின் கையைவிட்டு அகன்றது.

ஆதலின் மீளவேண்டியது கிடுகன்று. கிடுகு வளர்த்த பழக்கமே. மாரிக்கு முன் முகட்டையும் இறவாரத்தையும் பார்த்தல், காற்று மேலெழுப்பாதவாறு கைமரத்தைச் சுவரோடு இறுகப் பிணைத்தல், அயலவனின் கூரைக்குத் தோள்கொடுத்தல் ஆகிய இம்மூன்றும் ஓட்டு வீட்டுக்கும் பொருந்துவனவே. இன்னொரு சூறாவளி வரின், தகட்டின் விலையைவிட இப்பழக்கமே பாசிக்குடா மக்களுக்குப் பெருந்துணையாக நிற்கும்.