பட்டவராயனுக்கு ஒரு ஜோடி செருப்பு

பாபநாசம் வனத்துறைச் சோதனைச் சாவடியில் காவலர் பைகளைத் திறந்து பார்க்கிறார். பிளாஸ்டிக் இருக்கிறதா, மது பாட்டில் இருக்கிறதா என்பதுதான் அவர் கவலை. முன்னால் நிற்கும் குடும்பத்தின் பையில் தேங்காய், பழம், ஊதுபத்தி, பொரிகடலை. எல்லாவற்றுக்கும் அடியில், செய்தித்தாளில் சுற்றிய ஒரு ஜோடி புதுத் தோல் செருப்பு. அது யாருக்கு என்று காவலர் கேட்பதில்லை. இந்தப் பாதையில் புதுச் செருப்பு கொண்டு போகிறவர்கள் எல்லோரும் ஒரே ஆளுக்குத்தான் கொண்டு போகிறார்கள். அவர் பெயர் பட்டவராயன்.

திருநெல்வேலியிலிருந்து மேற்கே சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது பாபநாசம். வழியெல்லாம் வயலும் வாழையும். அம்பாசமுத்திரம் தாண்டியதும் மலை கிட்டே வந்துவிடும். விக்கிரமசிங்கபுரத்தைக் கடந்து சோதனைச் சாவடிக்குள் நுழைந்தால், அதற்குமேல் களக்காடு - முண்டந்துறை புலிகள் காப்பகம். 1988-ல் அறிவிக்கப்பட்ட இதுதான் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். காட்டுப் பாதையில் வளைந்து வளைந்து ஏறும் பேருந்து, காரையாறு போகும் வழியில், ஆற்றங்கரையில் இறக்கிவிடுகிறது. அங்கேதான் சொரிமுத்து அய்யனார் கோயில்.

அய்யனார் இங்கே தனியாக இல்லை. மகாலிங்கம், சங்கிலி பூதத்தார், பேச்சியம்மன், பிரம்மராட்சசி, தளவாய் மாடசாமி, தூசி மாடசாமி, கரடி மாடசாமி என்று ஒரு பெரிய குடும்பமே உடன் இருக்கிறது. கொஞ்சம் தள்ளி, பொம்மக்கா, திம்மக்கா என்ற இரண்டு மனைவிகளோடு பட்டவராயன். அவர் சந்நிதி முன்னால்தான் செருப்புகள் குவிந்து கிடக்கின்றன. பெரியவை, சின்னவை, தடித்த தோலில் தைத்தவை. காணிக்கையாக வைத்த செருப்பு கொஞ்ச நாளில் தேய்ந்திருக்கும் என்பார்கள் பக்தர்கள். இரவில் சாமி அதைப் போட்டுக்கொண்டு காட்டைச் சுற்றி வருகிறாராம்.

கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போவதுதான் ஊர் வழக்கம். இங்கே மட்டும் செருப்பைக் கையில் ஏந்திக்கொண்டு சாமியிடம் போகிறார்கள். ஏன் என்று கேட்டால், அதற்குப் பதிலாக ஒரு பாட்டு இருக்கிறது.

பாட்டைக் கேட்டு நின்றவன்

அந்தப் பாட்டின் பெயர் முத்துப்பட்டன் கதை. தாமிரபரணிக் கரை ஊர்களில் கொடை விழாக்களில் வில்லுப்பாட்டாகப் பாடப்படுவது.

முத்துப்பட்டன் ஒரு பிராமண வீட்டின் கடைசிப் பிள்ளை. அண்ணன்மாரோடு மனம் கசந்து வீட்டை விட்டுப் போய், மலையாள தேசத்தில் ஓர் அரசனிடம் வேலை பார்க்கிறான். பல வருடம் கழித்து ஊர் திரும்பும் வழியில், இந்த மலைக்காட்டில் இரண்டு பெண்கள் பாடும் சத்தம் கேட்கிறது. குரலைத் தேடிப் போகிறான். பொம்மக்கா, திம்மக்கா. மாடுகளைக் காவல் காக்கும், செருப்புத் தைக்கும் அருந்ததியர் குடும்பத்து வாலப்பகடையின் பிள்ளைகள்.

கட்டினால் இவர்களைத்தான் கட்டுவேன் என்று நிற்கிறான் பட்டன். பெண்களின் அப்பா உடனே சம்மதிக்கவில்லை. “எங்கள் வீட்டு மருமகனாக வேண்டுமானால் எங்களைப் போல இரு” என்கிறார். பூணூலையும் குடுமியையும் அறுக்க வேண்டும். தோல் வேலை பழகி, தன் கையால் செருப்புத் தைக்க வேண்டும். அண்ணன்மார் கெஞ்சுகிறார்கள், அடைத்தும் வைக்கிறார்கள். பட்டன் தப்பி வந்து, பூணூலை அறுத்துப் போட்டு, செருப்புத் தைத்துக்கொண்டு மாமனார் முன்னால் நிற்கிறான்.

கல்யாணம் நடக்கிறது. சந்தோஷம் நீடிக்கவில்லை. மாட்டைக் கவர்ந்து போகக் கொள்ளையர் வந்துவிட்டார்கள் என்று செய்தி வருகிறது. புது மாப்பிள்ளை வாளோடு ஓடுகிறான். எதிர்த்தவர்களை வீழ்த்திவிட்டுத் தண்ணீரில் இறங்கும்போது, மறைந்திருந்த ஒருவன் பின்னாலிருந்து குத்திவிடுகிறான். பொம்மக்காவும் திம்மக்காவும் அவனோடு தீயில் இறங்குகிறார்கள். செத்தவன் சாமியானான். அவன் கையால் தைத்த செருப்பு காணிக்கையானது.

இரவு முழுக்க ஒரே அடி

இந்தக் கதையைப் புத்தகத்தில் படிப்பது வேறு, கொடையில் கேட்பது வேறு. பந்தலின் ஒரு பக்கம் மேடை. அதில் ஆளைவிட நீளமான வில். வில்லின் உடம்பெல்லாம் மணிகள். நாணை வீசுகோலால் அடிக்கும்போது மணிகள் எல்லாம் ஒன்றாகக் குலுங்கும். வில்லோடு கட்டிய மண்குடத்தின் வாயில் மட்டையால் அடித்தால் தொப்பென்று அடிவயிற்றில் விழும் சத்தம். கூடவே உடுக்கை, தாளம், கட்டை. புலவர் ஒரு வரி சொல்ல, பக்கத்தில் இருப்பவர்கள் “ஆமா” போட்டு வாங்கிப் பாடுவார்கள்.

ஆரம்பத்தில் பாட்டு மெதுவாகத்தான் போகும். ஒரே அடி, ஒரே நடை. பிள்ளைகள் பாட்டி மடியில் தூங்கிவிடும். சாமம் நெருங்க நெருங்க, யாரும் கவனிக்காமலே வேகம் ஏறியிருக்கும். பட்டன் குத்துப்பட்டு விழும் இடம் வரும்போது, கூட்டத்தில் எங்கோ ஒருவருக்கு உடம்பு நடுங்கத் தொடங்கும். வில்லுப்பாட்டை ஆராய்ந்து 1988-ல் புத்தகம் எழுதிய அமெரிக்கர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன், இதைத்தான் கவனித்தார். கதையில் வீரன் சாகும் கட்டத்தில்தான் பந்தலில் சாமி இறங்குகிறது.

சுடலைமாடன் கோயில்களில் வில்லோடு கணியான் கூத்தும் உண்டு. அதன் உயிர் மகுடம் என்ற தோல்கருவி. உச்சம் ஒன்று, மந்தம் ஒன்று என இரண்டு மகுடங்கள். தோலைத் தீயில் காய்ச்சிச் சுருதி ஏற்றுவார்கள். மந்த மகுடம் அதிரும்போது தரையில் உட்கார்ந்திருப்பவருக்குக் காதில் மட்டுமல்ல, முதுகிலும் கேட்கும்.

உலகத்தின் இன்னொரு மூலையிலும் இப்படி ஒரு இசை உண்டு. அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் பாம் டெஸர்ட் பகுதி இளைஞர்கள், 1980-களின் கடைசியில், பாலைவனத்துக்கு ஜெனரேட்டரைத் தூக்கிக்கொண்டு போய் இரவு முழுக்க கிடார் வாசித்தார்கள். சுருதியைத் தாழ்த்தி, கனமாக, மெதுவாக, ஒரே அடியைத் திரும்பத் திரும்ப. கயஸ் போன்ற குழுக்கள் அங்கிருந்து வந்தன. ‘ஸ்டோனர் ராக்’ என்று பின்னால் பெயர் வைத்தார்கள். இன்று ஆஸ்திரேலியாவிலும் அந்தப் பாணியில் சின்னச் சின்னக் குழுக்கள் இருக்கின்றன. பெரிய கம்பெனி எதையும் நம்பாமல், தாங்களே பதிவு செய்து தாங்களே இணையத்தில் வெளியிடுகிறார்கள். புது ஆல்பம் வந்தால் அது அவர்களுக்குத் திருவிழா.

நெல்லைச் சீமையின் வில்லிசைக் குழுக்கள் இதை எப்போதோ செய்துவிட்டன. அவர்களுக்குக் கம்பெனியும் இல்லை, சினிமாவும் இல்லை. ஊர் வரி பிரித்துக் கொடுக்கும் பணத்தில், ஜெனரேட்டர் வெளிச்சத்தில், குழாய் ஒலிபெருக்கியில் பாட்டு. ஒவ்வொரு கொடையும் ஒரு புது வெளியீடுதான். கேசட் காலத்தில் கேசட்டாகவும், பிறகு சி.டி.யாகவும் டீக்கடை வரை போனது. இப்போது கொடை முடிவதற்குள் யாரோ ஒருவர் செல்போனில் எடுத்து யூடியூபில் ஏற்றிவிடுகிறார். வேலைக்காகச் சென்னையிலும் துபாயிலும் இருக்கும் பிள்ளைகள், ஊருக்கு வர முடியாத வருடத்தில் அங்கிருந்தே குலசாமி கதையைக் கேட்கிறார்கள்.

யார் கையில் கதை?

வில்லை ஊர் எல்லை தாண்டி அழைத்துப் போனவர்கள் உண்டு. கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனின் கலை வாழ்க்கை வில்லுப்பாட்டில்தான் தொடங்கியது. அவரோடு பழகிய சுப்பு ஆறுமுகம், 1928-ல் திருநெல்வேலிப் பக்கம் சத்திரம் புதுக்குளத்தில் பிறந்தவர். காந்தி கதையை வில்லில் பாடி நகரத்து மேடைகளுக்கும் வானொலிக்கும் கொண்டுபோனார். 2021-ல் பத்மஸ்ரீ அவரைத் தேடி வந்தது. அடுத்த வருடம் மறைந்தார்.

எல்லோருக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை. குமரி மாவட்டத்தின் பூங்கனி, பெண்கள் மேடை ஏறத் தயங்கிய காலத்திலேயே வில்லின் நடுவில் உட்கார்ந்து வீசுகோல் பிடித்தவர். தென் மாவட்டக் கொடைகளில் பல்லாண்டு பாடியவர். கடைசிக் காலத்தை வறுமையில் தனியாகக் கழித்து, 2018-ல் போய்ச் சேர்ந்தார். கம்பெனி இல்லாத இசைக்குச் சுதந்திரம் உண்டு, ஓய்வூதியம் கிடையாது.

அந்தச் சுதந்திரத்துக்கும் சோதனை வராமல் இல்லை. பொம்மக்காவும் திம்மக்காவும் பிறப்பால் பிராமணப் பெண்கள், காட்டில் விடப்பட்ட அவர்களை வாலப்பகடை எடுத்து வளர்த்தார் என்று ஒரு பகுதி சில பாடங்களில் வருகிறது. அப்படியானால் பட்டன் சாதி மாறிக் கல்யாணமே செய்யவில்லை என்றாகிறது! நாங்குநேரியில் பிறந்து, பாளையங்கோட்டையில் இருந்து நாட்டார் பாடல்களைத் தொகுத்த பேராசிரியர் நா.வானமாமலை, முத்துப்பட்டன் கதையைப் பதிப்பித்தவர். இது பின்னால் ஒட்டவைத்த பகுதி என்பது அவர் கருத்து. கதையின் முள்ளை மழுங்க வைக்க யாரோ செய்த வேலை.

முன்பெல்லாம் ஒரு புலவர் ஒரு மாதிரி பாடினால், அடுத்த ஊர்ப் புலவர் வேறு மாதிரி பாடுவார். எது சரி என்று கேட்பவர்கள் பேசிக்கொள்வார்கள். இப்போது செல்போனில் ஏறும் ஒரு பதிவு லட்சம் பேரிடம் போகிறது. அதில் எந்தப் பாடம் இருக்கிறதோ அதுதான் கதை என்று ஆகிவிடக்கூடும். ஆனால், ஒட்டவைத்த வரியால் மாற்ற முடியாத சாட்சி ஒன்று காரையாற்றில் இருக்கிறது. பெண்கள் எந்தச் சாதியில் பிறந்திருந்தாலும், பட்டன் பூணூலை அறுத்துச் செருப்புத் தைத்தான் என்பதை எந்தப் பாடமும் மறைக்கவில்லை. சந்நிதியில் குவியும் செருப்பு அதைத்தான் வருடா வருடம் சொல்லிக்கொண்டிருக்கிறது.

ஆடி அமாவாசைக்கு ஆறு நிறைய ஜனம்

ஆடி அமாவாசைதான் இங்கே பெரிய விழா. குடும்பம் குடும்பமாக வந்து ஆற்றங்கரையில் குடில் போட்டுத் தங்குவார்கள். சங்கிலி பூதத்தார் கோமரத்தாடிகள் இரும்புச் சங்கிலியால் உடம்பில் அடித்துக்கொண்டு ஆடுவார்கள். சிங்கம்பட்டி ஜமீனுக்கு இந்தக் கோயிலில் தனி உரிமை. கடைசியாகப் பட்டம் சூட்டப்பட்ட ராஜா முருகதாஸ் தீர்த்தபதி, 2020-ல் மறையும் வரை, விழாவில் ராஜ உடையில் காட்சி தருவார். அதைப் பார்க்கவே ஒரு கூட்டம் வரும்.

காடு தாங்குமா என்ற கேள்வியும் வருடா வருடம் வருகிறது. அதனால் தங்கும் நாட்களை வனத்துறை கணக்காகத்தான் அனுமதிக்கிறது. நியாயமான கணக்கு. இந்த மலையில் பிறக்கும் தாமிரபரணிதான், சுமார் 128 கிலோமீட்டர் ஓடி புன்னைக்காயலில் கடலில் சேரும்வரை, வழியில் உள்ள ஊர்களுக்கெல்லாம் சோறும் தண்ணீரும். சாமி கும்பிட வந்தவர் விட்டுப்போகும் துணியும் பிளாஸ்டிக்கும் அந்தச் சோற்றில்தான் கலக்கும்.

சாயங்காலம் கடைசிப் பேருந்துக்கு ஆட்கள் கிளம்புகிறார்கள். காலையில் செருப்பு கொண்டுவந்த குடும்பமும் நிற்கிறது. வீட்டுக் கடைக்குட்டி, கோயில் பக்கம் திரும்பிப் பார்த்துக் கேட்கிறான்: “ஆச்சி, சாமிக்கு அளவு சரியா இருக்குமா?”

“இருக்கும்லே,” என்கிறாள் ஆச்சி. “அவனே தச்சுப் பழகினவன்தானே. சரியில்லைன்னா சரி பண்ணிக்கிடுவான்.”

போகிறவர்களுக்கு: திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரம், பாபநாசம் வழியாகப் பேருந்தில் போகலாம். சோதனைச் சாவடியில் நேரக் கட்டுப்பாடு உண்டு. காலையிலேயே கிளம்பி, வெளிச்சம் இருக்கும்போதே இறங்கிவிடுவது நல்லது. பிளாஸ்டிக் வேண்டாம். ஆற்றில் இழுப்பு அதிகம். பழகாத இடத்தில் இறங்க வேண்டாம்.