எந்த மரத்துக் கள்ளு?

கள்ளின் ருசி தெரிந்தவர் பிளாவைக் கையில் வாங்கியதும் குடித்துவிடுவதில்லை. முதலில் மூக்கருகே கொண்டுபோவார். நுரை எவ்வளவு நேரம் நிற்கிறதென்று பார்ப்பார். ஒரு மிடறு எடுத்து, நாக்கில் சற்றே தங்கவிட்டு விழுங்குவார். அதன் பிறகு சீவினவரைப் பார்த்து ஒரு கேள்வி வரும்: "எந்த மரத்துக் கள்ளு, அண்ணை?"

பிரான்சின் போர்தோ நகரில் விலையுயர்ந்த வைனைச் சுவைத்துத் தரம் சொல்கிறவரும் இதைத்தான் செய்கிறார். நிறம் பார்க்கிறார், மணம் பிடிக்கிறார், வாயில் உருட்டுகிறார், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று ஊகிக்கிறார். அவர் கடைசியில் நூற்றுக்கு இத்தனை என்று ஓர் எண்ணை எழுதிவைக்கிறார். வன்னியின் விசுவமடுவில் யாரும் எண் எழுதுவதில்லை. ஆனாலும் அங்கே தீர்ப்பு உண்டு, அதில் இளக்காரம் கிடையாது.

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ35 வீதியில் தருமபுரத்தையும் நெத்தலியாற்றையும் கடந்தால் வருகிறது விசுவமடு. காடு வெட்டிக் குளத்து நீரை நம்பி எழுந்த குடியேற்றம் இது. படித்த வாலிபர் திட்டத்தில் காணி பெற்று வந்தவர்கள் இங்கே மிளகாயும் வெங்காயமும் போட்டார்கள். 1970களின் முற்பகுதியில் அரசாங்கம் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது அந்த மிளகாய்க்கு நல்ல விலை கிடைத்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் தங்கள் நாக்கையும் கூடவே கொண்டுவந்தார்கள். பனங்கட்டி, ஒடியற்கூழ், கள்ளு எல்லாவற்றுக்கும் இங்கேயும் இடம் கிடைத்தது. பனையோடு தென்னையும் சேர்ந்ததால், பனங்கள்ளையும் தென்னங்கள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட வன்னியில் வாய்ப்பு இருக்கிறது.

இரண்டும் ஒன்றல்ல. தென்னங்கள்ளு இனிப்பாகவும் மென்மையாகவும் நாக்கில் இறங்கும், ஆண்டு முழுக்கக் கிடைக்கும். பனங்கள்ளுக்குப் பருவம் உண்டு. தைப்பொங்கல் கழிந்த கையோடு தொடங்கி, ஆடி ஆவணியோடு ஓய்ந்துவிடும். அதன் மணம் முரடானது, பழகாதவர் முகம் சுளிப்பார். பழகியவருக்கோ அந்த மணம் இல்லாத கள்ளு கள்ளே அல்ல. பனையில் ஆண் மரத்தின் பாளையைச் சீவலாம், பெண் மரத்தின் இளங்குலையையும் சீவலாம். தேர்ந்த நாக்கு இந்த இரண்டுக்கும் இடையில் வித்தியாசம் சொல்லும்.

சீவலின் நுட்பத்தை அறியாமல் இந்த ருசியைப் பேசமுடியாது. பாளையைக் கட்டி, நைத்துப் பதப்படுத்திய பிறகே அதன் நுனியை மெல்லிய சீவலாகச் சீவுகிறார்கள். காலையும் மாலையும் ஏறவேண்டும். சில நாள் சீவாமல் விட்டால் பாளை அடைத்துப்போகும், அதுவரை பட்ட பாடு வீண். சீவிய முகத்திலிருந்து சொட்டும் நீர் இனிப்பானது. முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் நொதிப்பு தடைப்படும். கிடைப்பது கருப்பநீர், அதைக் காய்ச்சினால் பனங்கட்டி. சுண்ணாம்பு இல்லாவிட்டால், காற்றிலும் பாளையிலும் பழைய முட்டியின் சுவரிலும் இருக்கும் ஈஸ்ட்டும் பக்றீரியாவும் உடனே வேலையைத் தொடங்கிவிடும். மரத்திலிருந்து இறங்கும்போதே அது கள்ளாகத்தான் இறங்குகிறது. இனிப்பு குறையக் குறைய மதுசாரம் ஏறும். நூற்றுக்கு நாலைந்து பங்கு வரையில் அது நிற்கும். அப்படியே ஒரு நாள் விட்டால் புளிப்பு முற்றிக் காடியாகிவிடும்.

வைனுக்கு வயது ஆண்டுகளில் என்றால், கள்ளுக்கு வயது மணிகளில். இரவு முழுக்கச் சொட்டி விடியலில் இறங்கும் கள்ளில் குளிர்ச்சியும் இனிப்பும் கூட. பகல் வெயிலில் நிறைந்த மாலைக் கள்ளில் புளிப்பும் கடுப்பும் முன்னே வரும். முட்டிக்குள் மழை நீர் விழுந்தால் ருசி தட்டையாகும். முதல் நாள் முட்டியைக் கழுவாமல் கட்டினால் நொதிப்பு வேகம் பிடிக்கும், அதிகமாய்க் கழுவினால் மந்தமாகும். பன்னாடையால் வடித்தார்களா, துணியால் வடித்தார்களா என்பதைக்கூடச் சிலர் சொல்லிவிடுவார்கள். இவ்வளவையும் ஒரு மிடறிலிருந்து பிரித்தறிவது சின்னக் கலையல்ல. போர்தோவில் அதற்குப் பட்டமும் சம்பளமும் தருகிறார்கள். வன்னியில் அதை ஒரு திறமை என்று சொல்லவே நமக்குத் தோன்றியதில்லை.

வைனுக்குத் தரம் போடும் கதை வணிகத்தில் தொடங்கியது. 1855 இல் பாரிஸ் கண்காட்சிக்காக போர்தோ வணிகர்கள் தங்கள் சிவப்பு வைன்களை ஐந்து தரமாகப் பிரித்தார்கள். அடிப்படை, சந்தையில் அவற்றுக்கு நிலைத்திருந்த விலை. லஃபீத், லத்தூர், மார்கோ, ஓ-பிரியோன் ஆகிய நான்கும் முதல் தரம் பெற்றன. அந்தப் பட்டியலின் உச்சியில் பிறகு நடந்த ஒரே மாற்றம், 1973 இல் மூத்தோன் ரோத்ஷீல்டை முதல் தரத்துக்கு உயர்த்தியது. அதற்கு மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1976 மே 24 அன்று, ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேய வணிகர் பாரிஸில் ஒரு பரீட்சை வைத்தார். போத்தலின் பெயரை மறைத்து, பிரெஞ்சு நிபுணர்களிடமே பிரெஞ்சு வைனையும் கலிபோர்னிய வைனையும் கொடுத்தார். வெள்ளையிலும் சிவப்பிலும் கலிபோர்னியாவே முதலிடம் பெற்றது. பெயர் தெரியாதபோது நாக்கு வேறு தீர்ப்புச் சொல்லும் என்பதை உலகம் அன்று பார்த்தது.

1978 இல் ரொபேர்ட் பார்க்கர் என்ற அமெரிக்க வழக்கறிஞர் ஒரு செய்திமடல் தொடங்கி, பள்ளிக்கூடத்துப் புள்ளிபோல நூற்றுக்கு மதிப்பெண் போட ஆரம்பித்தார். வணிகர்கள் அந்த எண்ணைப் பார்த்து விலை வைத்தார்கள், சில தோட்டக்காரர்கள் அவருடைய நாக்குக்கு ஏற்ப வைன் செய்யவும் தொடங்கினார்கள். ஆனால் இந்த எண்கள் எவ்வளவு உறுதியானவை? கலிபோர்னியாவில் வைன் செய்துவந்த ரொபேர்ட் ஹொட்ஜ்சன், மாநிலக் கண்காட்சியின் நடுவர்களிடம் ஒரே போத்தல் வைனை அவர்களுக்குத் தெரியாமல் மூன்று முறை கொடுத்துப் பார்த்தார். ஒரே வைனுக்கு ஏறத்தாழ ஒரே மதிப்பைக் கொடுத்தவர்கள் பத்தில் ஒருவர்தான். 2008 இல் வெளியான அந்த முடிவு பலரைத் தொந்தரவு செய்தது. அதற்கு முன்பே, 2001 இல், போர்தோவில் ஃபிரெடெரிக் பிரோஷேயும் அவருடைய சகாக்களும் வெள்ளை வைனில் மணமற்ற சிவப்புச் சாயம் கலந்து வைன் மாணவர்களுக்குக் கொடுத்திருந்தார்கள். மாணவர்கள் அதைச் சிவப்பு வைனுக்குரிய சொற்களால் வருணித்தார்கள்.

இதைக் கொண்டு சுவைப்பதே பொய் என்று முடிவுகட்டுவது தவறு. நாக்கு தனியாக வேலை செய்வதில்லை, கண்ணும் பெயரும் எதிர்பார்ப்பும் அதோடு சேர்ந்தே வேலை செய்கின்றன என்பதைத்தான் இந்தச் சோதனைகள் காட்டுகின்றன. எண் தேவைப்படுவது தொலைவில் இருப்பவனுக்கு. தோட்டத்தைக் காணாத, செய்தவரை அறியாத ஒருவன் கடையில் நூறு போத்தல்களுக்கு முன்னால் நிற்கும்போது அந்த எண் அவனுக்குக் கைகொடுக்கும். மரத்தடியில் நிற்பவனுக்கு அது வேண்டாம். மரம் தெரியும், சீவினவரைத் தெரியும், நேற்று மழை பெய்ததா என்பதும் தெரியும். அவன் கேட்கும் "எந்த மரம்?" என்ற கேள்விக்குள் தோட்டமும் ஆண்டும் கையும் அடங்கிவிடுகின்றன.

முந்திரிகைச் சாற்றில் செய்த வைனும் வடக்குக்குப் புதியதல்ல. யாழ்ப்பாணத்தில் முந்திரிகைக் கொடி பந்தலேறிக் காய்க்கும். 1928 இல் தந்தை தோமஸ் அடிகளார் தோலகட்டியில் நிறுவிய றோசரியன் சபையின் நெல்லிரசத்தை அறியாத வடபுலத்து வீடு குறைவு. அதே சபையினரின் 'றோசெற்றோ' வைன் கறுவாவும் கராம்பும் சேர்ந்து, இனித்து மணக்கும். போர்தோவின் அளவுகோலால் பார்த்தால் அது பட்டியலுக்கே வராது. அந்த அளவுகோல் வேறு வகை வைனுக்காகச் செய்யப்பட்டது. விருந்தாளிக்கும் பெருநாளுக்கும் எடுத்துவைக்கும் ஒரு பானத்தை அதைக்கொண்டு அளப்பது அநியாயம்.

சுவைஞர் என்றதும் தவறணை வாங்கில் இருக்கும் ஆண்களை மட்டும் நினைத்துவிடக்கூடாது. கள்ளை ஒரு துளியும் குடிக்காமல் அதைச் சரியாக மதிப்பிடுகிறவர்கள் அடுப்படியில் இருக்கிறார்கள். அப்ப மாவுக்குக் கள்ளு வேண்டும். இறக்கிய உடன் கள்ளு விட்டால் மா பதமாகப் பொங்கும், அப்பத்தின் நடு மெத்தென்று வரும். புளித்துப்போன கள்ளு என்றால் அப்பத்திலேயே தெரிந்துவிடும். தண்ணீர் கலந்த கள்ளு மாவைத் தூக்காது. "இது உடன் கள்ளு இல்லைத் தம்பி, நேற்றையான்" என்று மூடியைத் திறந்த மாத்திரத்தில் திருப்பி அனுப்பும் ஒரு அம்மாவின் மூக்கு எந்த நடுவர் குழுவிலும் இடம்பெறத் தகுதியானது.

ருசி பார்ப்பதும் வெறிக்கக் குடிப்பதும் வேறு. போருக்குப் பின் வன்னியில் குடியும் கசிப்பும் எத்தனையோ குடும்பங்களை நொறுக்கியிருக்கின்றன, அதைச் சுமப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஆகவே கள்ளைப் பற்றி எழுதும் எவரும் அந்தப் பக்கத்தைக் கண்டுகொள்ளாமல் போகமுடியாது. ஒரு பிளாவோடு எழுந்து போகத் தெரிந்தவரே உண்மையில் சுவைஞர். நான்காவது பிளாவில் யாருக்கும் மரம் தெரியாது.

2009 ஜனவரிக் கடைசியில் போர்முனை விசுவமடுவைக் கடந்து சென்றது. ஊர் முழுக்கக் கிழக்கே பெயர்ந்தது, பிறகு செட்டிகுளத்து முகாம்களில் அடைபட்டது. மக்கள் திரும்பி வந்தபோது பல தோப்புகளில் தலையில்லாத மரங்கள் நின்றன. பனைக்கும் தென்னைக்கும் குருத்து ஒன்றே ஒன்று. மாமரம் கிளை முறிந்தாலும் துளிர்க்கும். பனை தலையை இழந்தால் அதோடு முடிந்தது. பதுங்குகுழிகளுக்கு மூடுமரமாகப் போன பனைகளும் கணக்கில்லாதவை. பனை பாளை விட ஏறக்குறைய பன்னிரண்டு முதல் இருபது ஆண்டுகள் ஆகும். மீள்குடியேற்றத்தின் பின் விதைத்த கொட்டைகள் இப்போதுதான் அந்த வயதை எட்டிக்கொண்டிருக்கின்றன. இன்று ஒருவர் "இந்த மரம் நல்ல கள்ளு தரும்" என்று சொன்னால், அவர் பேசுவது ஷெல்லுக்குத் தப்பிய ஒரு மரத்தைப் பற்றியாகவே பெரும்பாலும் இருக்கும். பழைய மரங்களின் ருசி, அவற்றைக் குடித்தவர்களின் நினைவில் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

நாக்கின் அறிவு எவ்வளவு விரைவில் அழியும் என்பதற்குத் தமிழ்நாடு சாட்சி. பனையை மாநில மரமாக வைத்திருக்கும் அந்த மாநிலத்தில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. காலைக் கள்ளுக்கும் மாலைக் கள்ளுக்கும் வித்தியாசம் கேட்டால் அங்கே இளையவர்கள் விழிப்பார்கள். அதே மண்ணில், சங்க காலத்தில், யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த மணமுள்ள தேறலைப் பாண்டியன் நன்மாறன் பருகுவதை நக்கீரர் புறநானூற்றின் 56ஆம் பாட்டில் பாடிவைத்திருக்கிறார். அந்நியத் தேறலின் மணத்தையும் கலத்தின் அழகையும் கவனித்துச் சொன்ன மொழி இது.

இந்தப் பெருமைக்கு நடுவே ஒரு பெரிய அநியாயம் இருக்கிறது. கள்ளை மெச்சிய சமூகம் அதைச் சீவியவரை மெச்சவில்லை. பிளாவை நீட்டிய கையைச் சாதி சொல்லித் தள்ளிவைத்து, அந்தக் கை தந்ததை மட்டும் ருசித்தது. தளநாரைக் காலில் மாட்டி, பாளைக் கத்தியை இடுப்பில் செருகி நாளுக்கு இருமுறை ஏறுகிறவர் வழுக்கி விழுந்தால் அதோடு குடும்பத்தின் வரும்படி நின்றுவிடும். வடக்கில் 1970களில் உருவான பனை தென்னைவள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் குத்தகைக்காரரின் பிடியிலிருந்து சீவல் தொழிலாளரை விடுவித்து, அவர்களின் கள்ளுக்கு ஒரு நிரந்தரச் சந்தையைத் தந்தன. 1978 இல் பனை அபிவிருத்திச் சபையும் வந்தது. திக்கம் வடிசாலையில் பனஞ்சாராயம் வடித்தார்கள். போத்தலில் அடைத்த பனங்கள்ளு கடல் கடந்து புலம்பெயர்ந்தவர்களின் கடைகளுக்கும் போயிற்று. இவையெல்லாம் பெரிய காரியங்கள். ஆயினும் பிள்ளைகள் இந்தத் தொழிலுக்கு வர விரும்புவதில்லை, தகப்பன்மாரும் வரச் சொல்வதில்லை. மரம் இருந்தும் ஏற ஆளில்லை என்ற பேச்சு இப்போது எல்லா ஊரிலும் கேட்கிறது.

போர்தோ போத்தலின் முகப்பில் தோட்டத்தின் பெயர் இருக்கிறது, ஆண்டு இருக்கிறது, பல இடங்களில் செய்தவர் பெயரும் இருக்கிறது. நம்முடைய கள்ளுப் போத்தலில் சீவியவரின் பெயர் இல்லை. அடைத்த கள்ளைச் சூடாக்கித்தான் நொதிப்பை நிறுத்துகிறார்கள், அதனால் மரத்தடி ருசி அதில் முழுமையாக வராது, உண்மைதான். இருந்தாலும் எந்த ஊர், எந்த மாதம், யார் சீவியது என்பவற்றை எழுதத் தடை ஏதுமில்லை. யார் எத்தனை லீற்றர் கொண்டுவந்து ஊற்றினார் என்று பார்த்துத்தான் சங்கங்கள் பணம் கொடுக்கின்றன. அந்தக் கணக்குக் கொப்பியில் இருக்கும் பெயரைப் போத்தலின் சுட்டுத்தாளுக்கு மாற்றி எழுத ஒரு கூட்டத்தின் தீர்மானம் போதும். தொறொன்றோவில் இருக்கும் ஒருவர் போத்தலைத் திருப்பிப் பார்த்து விசுவமடு என்றும், ஒரு சீவல் தொழிலாளியின் முழுப்பெயரும் வாசிக்கட்டும். அடுத்த பருவத்தில் அதே பெயரை அவர் கடையில் கேட்டு வாங்கும்போது, அந்தக் கேள்வி விலையாக மாறி மரத்தடிக்கு வந்து சேரும்.