வண்டிக்கும் கால் கட்டித்தான் லாடம்!

மாட்டுக்கு லாடம் அடிப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் பென்னாகரம் பக்கம் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். எவ்வளவு சாதுவான மாடாக இருந்தாலும், கயிறு போட்டுச் சாய்த்து, கால்களைச் சேர்த்துக் கட்டிய பிறகுதான் லாடக்காரர் சுத்தியலை எடுப்பார். பழகின மாடுதானே என்று விட்டுவிட மாட்டார்.

இன்று அந்த மாட்டின் இடத்தில் சரக்கு வண்டி நிற்கிறது. 2005-ல் டாடா ஏஸ் வந்த பிறகு சிறு விவசாயி வாசலிலும் நாலு சக்கரம் வந்துவிட்டது. தக்காளி பாலக்கோடு மார்க்கெட்டுக்குப் போவதும், புளி மூட்டை தருமபுரிக்குப் போவதும் இதில்தான். காட்டுத் தடத்திலும் வேகத்தடையிலும் விழும் அடியைத் தாங்குவது ஸ்பிரிங். அடித்த பிறகு வண்டி துள்ளிக்கொண்டே இருக்காமல் அடக்குவது ஷாக் அப்சர்பர். அது செத்துப்போனால் சக்கரம் ரோட்டை விட்டு எம்பும். பிரேக் பிடித்தாலும் வண்டி தள்ளிப் போய்த்தான் நிற்கும். பெட்டியில் இருக்கும் தக்காளியும் நசுங்கும்.

முன்பக்கத்தை அழுத்தி விடுங்கள். ஒரு முறை எழும்பி அடங்கினால் நல்லது. ஆடிக்கொண்டே இருந்தால் ஷாக் போய்விட்டது. உடம்பில் எண்ணெய் கசிந்திருந்தாலும், டயர் திட்டுத் திட்டாகத் தேய்ந்திருந்தாலும் அதே சந்தேகம்தான்.

முன்பக்கம் பிளேட் ஸ்பிரிங்கும் தனி ஷாக்கும் உள்ள வண்டியில் இதை வீட்டிலேயே மாற்றலாம். சுருள் ஸ்பிரிங் ஷாக்கைச் சுற்றியே இருந்தால் தொடவே வேண்டாம். அமுங்கியிருக்கும் அந்த ஸ்பிரிங் தெறித்தால் உயிருக்கே ஆபத்து. அது பட்டறை வேலை.

முதல் நாள் இரவே துருப்பிடித்த நட்டுகளில் துரு நீக்கும் எண்ணெய் விட்டு ஊறவிடலாம். காலையில் சரக்கை இறக்கி, சமமான கெட்டித் தரையில் நிறுத்தி, கியரில் போட்டு, கைப் பிரேக்கை இழுக்க வேண்டும். பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்க வேண்டும். சக்கர நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே லேசாகத் தளர்த்திவிட்டு, பிறகு ஜாக்கி போட வேண்டும்.

கால் கட்டுவது இனிமேல்தான். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும். தாங்குவதற்கு இரும்பு ஸ்டாண்டு. முன் அச்சுக்கு அடியில் இருபுறமும் ஸ்டாண்டு வைத்து, வண்டியை அதன்மேல் இறக்கி, அசைத்துப் பார்த்த பிறகே கை உள்ளே போகலாம். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் பாரத்தில் நொறுங்கிவிடும். மாடு மிரள்வதற்கு முன் காதை விறைக்கும். ஜாக்கி நழுவும் முன் எதுவும் சொல்லாது. ஸ்டாண்டு இல்லாத வீட்டில் அன்றைக்கு வேலை இல்லை என்று வைத்துக்கொள்வதே நல்லது.

ஒரு பக்கம் முடித்த பிறகு மறுபக்கம் போனால், வாஷரும் புஷ்ஷும் எந்த வரிசை என்று பார்த்துக்கொள்ள ஒரு மாதிரி இருக்கும். ஒன்று மட்டும் கெட்டிருந்தாலும் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். இல்லையென்றால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். பளபளக்கும் தண்டைக் குறடால் பிடித்தால் கீறல் விழுந்து, புது ஷாக்கும் கசியத் தொடங்கும். ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளைக் கடைசியாக முறுக்குவது, சக்கரம் மாட்டி வண்டியின் பாரம் தரைக்கு வந்த பிறகு. எவ்வளவு இறுக்கம் என்பது வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும்.

பழைய ஷாக்கில் அழுத்தத்தில் கேஸ் இருக்கலாம். அறுப்பதோ நெருப்பில் காட்டுவதோ கூடாது; காயலான் கடைக்கு முழுசாகவே போகட்டும். கசிந்த எண்ணெய் கிணற்றுப் பக்கம் சேரக் கூடாது.

முதலில் வெறும் வண்டியை மெதுவாக ஓட்டிப் பார்த்துவிட்டு, 50 கிலோமீட்டர் ஓடிய பிறகு எல்லா நட்டுகளையும் மறுபடி பார்க்க வேண்டும். வேலை நடக்கும்போது பக்கத்தில் ஒரு பெரியவர் இருக்கட்டும். பிள்ளைகள் தள்ளியே நிற்கட்டும். மார்க்கெட்டுக்கு ஒரு நாள் தாமதமானால் போகும் காசை அடுத்த பறிப்பில் எடுத்துவிடலாம்.